கை மாற்ற ஆளில்லாத நாட்கள்

அன்புள்ள சார்,

வணக்கம். ஊரடங்கு சமயத்தில் தெருவுக்குத் தகரம் அடித்ததைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததை என் மகள் படித்துக் காட்டினாள். நான் கொருக்குப்பேட்டை. பத்தாவது வரை படித்திருக்கிறேன். நான் சொல்லச் சொல்ல மகள்தான் டைப் பண்ணுகிறாள். பெயர் போட வேண்டாம்.

2017இல் என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால் விழுந்துவிட்டது. பேச்சும் குழறிப்போனது. வீட்டுக்காரர் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறார். கிளம்பினால் கேட்டில் கியூ நின்று, லோடு இறக்கி, வீடு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதனால் அத்தையைப் பார்ப்பது என் வேலை. எம்.சி. ரோடு கடை ஒன்றுக்கு வீட்டிலிருந்தே நைட்டி தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கொரோனாவுக்கு முன்னால் எனக்கு அவ்வளவு கஷ்டம் தெரியவில்லை. எதிர்வீட்டு அக்கா காலை வேலையை முடித்துவிட்டு வந்து அத்தை பக்கத்தில் உட்காருவார். அந்த நேரத்தில் நான் தண்ணீர் பிடிப்பேன், ரேஷனுக்குப் போவேன், கடையில் துணி வாங்கி வருவேன். மாடி வீட்டுப் பையன் காலேஜ் போவதற்கு முன்னால் வந்து, "ஆயா, எய்ந்துக்கோ, ஒரு ரவுண்டு போலாம்" என்று தூக்கி நாற்காலியில் உட்கார வைப்பான். ஆஸ்பத்திரியில் வார்டு ஆயாவாக இருந்து ரிட்டயர் ஆன அம்மா ஒருவர் செவ்வாய், வெள்ளி வந்து தலைக்கு ஊற்றுவார். காசு கொடுத்தால் வாங்கமாட்டார், வெற்றிலை பாக்கு மட்டும் வாங்கிக்கொள்வார். தெருப் பிள்ளைகள் ஜன்னலில் எட்டிப் பார்த்து அத்தையோடு பேசுவார்கள். அத்தை பேசுவது எனக்கே பாதி புரியாது, அதுங்களுக்குப் புரியும்.

2020 ஏப்ரல் கடைசியில் எங்கள் தெருவில் ஒருவருக்கு வந்தது. இரண்டு பக்கமும் அடைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து யாரும் வரவில்லை. ஆயாம்மாவை அவர் மகள் பொன்னேரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். எதிர்வீட்டு அக்கா கதவைச் சாத்திக்கொண்டார். அதற்கு முந்தின வாரம்தான், ஜீவா நகரில் தங்கச்சி வீட்டை ஸ்டிக்கர் ஒட்டி மூடிவிட்டார்கள் என்று என்னிடம் அழுதார். என் வீட்டுக்காரர் பாஸ் வாங்கி வண்டி ஓட்டினார். வீட்டுக்கு வந்தால் நோயைக் கொண்டுவந்துவிடுவோம் என்று வண்டியிலேயே படுத்துக்கொள்வார். ராத்திரி எழுந்து எழுந்து அத்தையைப் புரட்டிப் போட வேண்டும். தனியாகப் புரட்ட முடியாமல் சில நாள் ஒரு பக்கமாகவே விட்டதில் இடுப்பில் புண் வந்துவிட்டது. டயப்பர் கிடைக்கவில்லை. என் பழைய நூல் புடவையெல்லாம் கிழித்தேன்.

ஜூனில் எனக்குக் காய்ச்சல். யாரிடமும் சொல்லவில்லை சார். கார்ப்பரேஷனிலிருந்து வருகிற பெண் நெற்றியில் துப்பாக்கி மாதிரி வைத்துப் பார்ப்பதற்குள் மாத்திரை போட்டுக் காய்ச்சலை இறக்கிவிடுவேன். முகத்தில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அத்தைக்குக் கஞ்சி ஊட்டுவேன். எனக்கு வந்தது கொரோனாதானா என்று இன்றுவரை தெரியாது. அத்தைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அத்தை 2021 ஜூனில் போய்விட்டார். கொரோனா இல்லை, தூக்கத்திலேயே போனது. இருபது பேருக்கு மேல் வரக் கூடாது என்றார்கள். மேளம் இல்லை, பாட்டு இல்லை. மதியத்துக்குள் எடுத்துவிட்டோம். எதிர்வீட்டு அக்கா அவர் வாசலில் நின்று பார்த்தார். எங்கள் படி ஏறவில்லை.

இப்போது அவர் பழையபடி பேசுகிறார். ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு கொடுத்தனுப்புகிறார். வாங்கி வைக்கிறேன், சாப்பிட மனசு வரவில்லை. கொரோனா போய் இத்தனை வருஷம் ஆகிவிட்டது. ஆனால் யாரும் யார் வீட்டுக்கும் முன்னே மாதிரி போவதில்லை, நானும் போவதில்லை. நான் அவரை மன்னிக்காமல் இருப்பது தப்பா?

இன்னொன்று. வீட்டோடு இருக்கிற நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் ஏஜென்சியிலிருந்து என்னைக் கூப்பிடுகிறார்கள். கீழ்ப்பாக்கம், அண்ணா நகர் பக்கம் வேலை. சொந்தக்காரர்கள் அசிங்கம் என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

இப்படிக்கு,
ஒரு வாசகி, கொருக்குப்பேட்டை

*

அன்புள்ள கொருக்குப்பேட்டை வாசகிக்கு,

முதலில் உங்கள் மகளுக்கு நன்றி. நீங்கள் பேசியதை அப்படியே அடித்து அனுப்பியிருக்கிறார். நானும் எழுத்துப்பிழை தவிர எதையும் தொடவில்லை.

நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. ஆனால் நடுவில் கேள்வியாக இல்லாமல் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள், காய்ச்சலை மறைத்த விஷயம். அதிலிருந்தே தொடங்குகிறேன். இதைப் படிக்கிற சிலர் அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்வார்கள் என்று தெரியும்.

2020 மே, ஜூன் மாதங்களில் நகரத்திலேயே ராயபுரம் மண்டலத்தில்தான் தொற்று அதிகம். உங்கள் தண்டையார்பேட்டை மண்டலமும் பின்னாலேயே வந்தது. ஜூன் 19 முதல் சென்னைக்கும் சுற்று வட்டாரத்துக்கும் மறுபடி முழு ஊரடங்கு போட்டார்கள். அந்த நாட்களில் கார்ப்பரேஷன் செய்த உருப்படியான காரியம், தெருத்தெருவாகக் காய்ச்சல் முகாம் போட்டதும், வீடு வீடாக ஆள் அனுப்பிக் கேட்டதும்தான். உங்கள் நெற்றியில் வைத்துப் பார்த்தாரே, அந்தப் பெண்ணைப் போல ஆயிரக்கணக்கானவர்கள் வெயிலில் மாடி மாடியாக ஏறி இறங்கினார்கள். எங்கள் தெருவுக்கு வந்தவர் பக்கத்துத் தெருப் பெண். அவரை உள்ளே விடாமல் ஜன்னல் வழியாகவே பதில் சொன்ன வீடுகளும் உண்டு. அந்த வேலையின் மேல் எனக்கு மரியாதை இருக்கிறது என்பதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

நீங்கள் காய்ச்சல் என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? தொற்று உறுதியாகி, அறிகுறி லேசாக இருந்தால் வீட்டிலேயே இருக்கலாம் என்று விதி இருந்தது. ஆனால் அதற்குத் தனி அறை வேண்டும், தனிக் கழிப்பறை வேண்டும். நாலு குடித்தனத்துக்கு ஒரு கக்கூஸ் இருக்கிற கொருக்குப்பேட்டை வளாகத்தில் அந்த விதிக்குள் யார் அடங்குவார்கள்? மூன்று படுக்கையறை வீட்டுக்காரர் வீட்டில் இருந்து குணமானார். ஒற்றை அறைக்காரரை வண்டியில் ஏற்றி, கல்லூரி ஹாலில் வரிசையாகக் கட்டில் போட்டிருந்த மையத்துக்குக் கொண்டுபோனார்கள். வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரியில் சித்த மருத்துவ மையம்கூட நடந்தது. கபசுரக் குடிநீர், வேளாவேளைக்குச் சாப்பாடு. உங்களுக்கு அது ஓய்வாகக்கூட இருந்திருக்கும். உங்கள் மாமியார்? விதிப்படி அவர் தொடர்பில் இருந்தவர், வீட்டைவிட்டு நகரக் கூடாதவர். அவருக்குக் கஞ்சி ஊட்டுவது யார்? புரட்டிப் போடுவது யார்?

அந்தக் கணக்கெடுப்பில் காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு உண்டா, வயதானவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டார்கள். இந்த வீட்டில் யாரை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை, உங்களிடமும் கேட்டிருக்கமாட்டார்கள். எல்லாமே ஆளுக்கொரு உடம்பு என்ற கணக்கில் ஓடியது. படுக்கையில் இருப்பவரும் அவரைப் பார்ப்பவரும் சேர்ந்துதான் அந்த வீட்டில் ஓர் ஆள் என்பதற்குத் தாளில் இடம் இல்லை. நீங்கள் செய்தது ஆபத்தான காரியம்தான். அந்த வயதில், அந்த உடம்போடு, மாமியாருக்குத் தொற்றியிருந்தால் பிழைப்பது கஷ்டம். உங்கள் முகத்துணி கொஞ்சம் காப்பாற்றியது, மீதி அதிர்ஷ்டம். ஆனாலும் அன்றைக்கு உங்கள் முன்னால் இருந்த வழிகளில் எது சரியானது என்று உங்களைத் திட்ட வருகிறவர்கள் எழுதட்டும். வெளியிடுகிறேன்.

சரி, எதிர்வீட்டு அக்காவுக்கு வருவோம்.

அதற்கு முன்னால், கொரோனாவுக்கு முந்தைய உங்கள் வீட்டு ஏற்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் அதை நாலு வரியில் சொல்லி முடித்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் கடிதத்தின் முக்கியமான இடம். வெளியே இருந்து பார்க்கிறவர்கள் இதை வடசென்னைக்காரர்களின் நல்ல மனசு என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நல்ல மனசு அடையாறிலும் இருக்கும். இங்கே அது தினசரி வேலையாக நடந்ததற்குக் காரணங்கள் உண்டு.

ஒன்று, இடம். ஒற்றை அறையில் கதவைச் சாத்தினால் மூச்சு முட்டும். அதனால் பகல் முழுக்கக் கதவு திறந்துதான் இருக்கும். பாத்திரம் கழுவுவது, துணி அலசுவது, குடத்தை வரிசையில் வைப்பது எல்லாம் வாசலில். உள்ளே ஒரு கிழவி முனகினால் தெருவுக்குக் கேட்கும். கேட்டபிறகு கேட்காத மாதிரி போக முடியாது, ஏனென்றால் நீ போனதையும் நாலு பேர் பார்த்திருப்பார்கள்!

அப்புறம் நேரம். நம் பக்கத்தில் எல்லோரும் ஒன்பது மணிக்குக் கிளம்பி ஆறு மணிக்குத் திரும்புகிறவர்கள் இல்லை. காசிமேட்டு ஏலத்துக்கு விடியற்காலை போகிற பெண்கள் மீன் விற்றுவிட்டு மதியம் வீட்டில் இருப்பார்கள். துறைமுகத்திலும் கூட்ஸ் யார்டிலும் ஷிப்டு. ராத்திரி வேலைக்காரர் பகலில் திண்ணையில் படுத்திருப்பார். எந்த நேரத்தில் பார்த்தாலும் தெருவில் இரண்டு மணி நேரம் கையில் வைத்திருக்கிற ஆள் ஒருவராவது இருப்பார். படுக்கையில் இருப்பவரைப் பார்க்கிறவளுக்கு வேண்டியது அந்த இரண்டு மணி நேரம்தான்.

மூன்றாவது, எனக்கு எப்போதும் ஆச்சரியமாக இருக்கிற விஷயம். பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்தது ஸ்டான்லி ஆஸ்பத்திரி. ராயபுரத்தில் பிரசவத்துக்கு ஆர்.எஸ்.ஆர்.எம்., தண்டையார்பேட்டையில் தொற்றுநோய் மருத்துவமனை. இவற்றில் வேலை பார்த்த ஆயாக்கள், வார்டு பாய்கள், தியேட்டரில் உதவிக்கு நின்றவர்கள் எல்லாம் குடியிருப்பது சுற்றியுள்ள தெருக்களில். டாக்டர் மாலையில் காரில் ஏறி ஊரின் தெற்கே போய்விடுவார். படுத்திருப்பவரின் கீழே உள்ள பெட்ஷீட்டை அவரைத் தூக்காமல் எப்படி மாற்றுவது, மூக்கு டியூப்பில் கஞ்சி ஊற்றும்போது தலையை எவ்வளவு உயர்த்துவது, குதிகாலில் தோல் சிவந்தால் அது புண்ணின் முதல் நாள் என்று தெரிந்துகொள்வது, இதெல்லாம் ஆயாக்களோடு தெருவுக்கு வந்து சேரும். உங்கள் வீட்டுக்கு வந்த அம்மா வெற்றிலை பாக்குக்குக் கொடுத்துவிட்டுப் போனது ஒரு நர்சிங் படிப்பு. அதை ஏஜென்சிக்காரரிடம் சொல்லும் விதத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

இப்படித்தான் நடந்தது. பாடை தூக்கும்போது வழியெல்லாம் தோள் மாற்றிக்கொண்டே போவார்களே, அந்த மாதிரி, முழுப் பாரமும் ஒருத்தர் மேல் விழாமல் கை மாறிக்கொண்டே இருந்தது. இதை ரொம்பப் புகழவும் வேண்டாம். வீட்டு விஷயம் எல்லாம் தெரு விஷயம் ஆகிவிடும், மருமகள் ஒரு நாள் சலித்துக்கொண்டால் அதற்கும் பேச்சு வரும். கை மாற்றியவர்களில் ஆண்கள் மிகக் குறைவு என்பதும் இருக்கிறது. அந்த மாடி வீட்டுப் பையனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ஏப்ரல் கடைசியில் அக்கா ஏன் கதவைச் சாத்தினார்? பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அதற்கு முந்தின வாரம் ஜீவா நகரில் அவர் தங்கச்சி வீட்டுக்கு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அந்த ஸ்டிக்கருக்கு என்ன அர்த்தம் என்று தினக்கூலி வீட்டுக்குத்தான் தெரியும். 14 நாள் யாரும் வெளியே போக முடியாது. 14 நாள் கூலி போச்சு. அரிசி அட்டைக்கு அரசு கொடுத்த 1000 ரூபாயும் இலவச அரிசி பருப்பும் எத்தனை நாளுக்கு வரும்? அதோடு தொற்று வந்தவரிடம், உன் வீட்டுக்கு யார் யார் வந்தார்கள், நீ யார் வீட்டுக்குப் போனாய் என்று பெயர் பெயராகக் கேட்டார்கள். நோயைத் தடுக்க அப்படிக் கேட்டுத்தான் ஆக வேண்டும், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதுவரை யாரும் எண்ணாத ஒன்றை அந்தக் கேள்வி எண்ண வைத்தது. உங்கள் வீட்டுக்கு வந்து உட்காருவது அவர் வீட்டு அடுப்பை அணைக்கக்கூடிய காரியம் ஆனது. அவர் பயந்தது நோய்க்கு மட்டும்தான் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. தங்கச்சியின் தெருக்காரர்கள் தங்கச்சி வீட்டை எப்படிப் பார்த்தார்கள் என்பதையும் அவர் போனில் கேட்டிருப்பார். அந்த ஏப்ரலில்தான் கொரோனாவில் இறந்துபோன டாக்டர் ஒருவரின் உடலைச் சென்னையில் புதைக்க விடாமல் கல்லெறிந்தார்கள். ஒரு டாக்டருக்கே அந்தக் கதி என்றால் கொருக்குப்பேட்டைக் குடும்பம் என்ன நினைத்திருக்கும்?

இவ்வளவு சொன்னதால் அக்காவுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று எண்ண வேண்டாம். அவர் வராமல் இருந்தது எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் தெரு எத்தனை அடி அகலம் இருக்கும்? அவர் வாசலில் நின்றுகொண்டே, "கஞ்சி குடிச்சாங்களா, நீ தூங்குனியா" என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். அதற்கு ஸ்டிக்கர் ஒட்டமாட்டார்கள். அதைச் செய்யாதது அவர் குற்றம். உங்கள் கோபத்தில் பாதி விதியின் மேல் போக வேண்டியது, மீதி பாதி அவருக்குச் சேர வேண்டியதுதான்.

அப்புறம் அந்தச் சாவு. கடிதத்தில் உங்களை ரொம்ப வலிக்க வைத்திருப்பது இதுதான் என்று நினைக்கிறேன். நம் பக்கத்தில் சாவு எப்படி நடக்கும் என்று வெளியே இருப்பவர்கள் கிண்டல் செய்வார்கள். பந்தல், பேனர், சட்டி மேளம், ராத்திரி முழுக்க மரண கானா, வழி நெடுகப் பூ. செலவு அதிகம், சத்தம் அதிகம், எனக்கும் சில சமயம் எரிச்சல் வந்திருக்கிறது. ஆனால் அந்தக் கூட்டத்தின் நடுவில் வேறு ஒன்றும் நடக்கும். ஒப்பாரி வைக்கிற கிழவிகள் செத்தவரை மட்டுமா பாடுவார்கள்? மருமகள் எப்படிப் பார்த்தாள், பீ மூத்திரம் அள்ளினாள், புண்ணுக்கு மருந்து போட்டாள், பெற்ற பெண்கூட இப்படிப் பார்க்கமாட்டாள் என்று கட்டி அழுதுகொண்டே ஊர் கேட்கச் சொல்வார்கள். சரியாகப் பார்க்காதவளையும் அதே பாட்டில் குத்திவிடுவார்கள், அது வேறு. வருஷக்கணக்கில் வீட்டுக்குள் நடந்த வேலைக்கு வெளியே கிடைக்கிற ஒரே சம்பளம் அன்றைக்குத்தான் கிடைக்கும். 2021 ஜூனில் இருபது பேர் என்ற விதியும், மதியத்துக்குள் எடுக்கும் அவசரமும் அதை உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டன. எதிர்வீட்டு அக்கா படி ஏறி உங்களைக் கட்டிக்கொண்டு அழுதிருந்தால் அதில் கொஞ்சமாவது கிடைத்திருக்கும். மீன் குழம்பு இறங்காமல் இருப்பதற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம், உங்கள் தொண்டை உங்களுக்குத்தான் தெரியும்.

மன்னியுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஒன்று மட்டும் செய்து பாருங்கள். அடுத்த முறை குழம்புப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது, அந்த ஏப்ரலில் உங்கள் வீட்டில் என்ன நடந்தது அக்கா என்று கேளுங்கள். அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு, என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன் என்று உட்காருங்கள். புண்ணைப் பற்றி, கிழித்த புடவையைப் பற்றி, காய்ச்சலைப் பற்றி. அவர் கேட்க மறுத்தால் அப்போது குழம்பையும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

கொரோனா போய்விட்டது, முன்னே மாதிரி ஏன் போக்குவரத்து இல்லை என்கிறீர்கள். பயம் எப்போதோ போய்விட்டது, காசிமேட்டில் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தைப் பார்த்தால் தெரியும். போனது நேரம். 2020 மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை கடன் தவணை கட்ட வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி சலுகை கொடுத்தது. வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. குழுக்கடன் வாங்கிய பெண்கள் அதற்குப் பிறகு அதை அடைக்க ஹவுஸ்கீப்பிங், கடை, கம்பெனி என்று கிளம்பினார்கள். எங்கள் தெருவில் பகலில் வீட்டில் இருந்த பெண்களில் பாதிப் பேர் இப்போது இருட்டிய பிறகுதான் திரும்புகிறார்கள். காலேஜ் பையன்கள் ஸ்விக்கி, சொமேட்டோ பை மாட்டிக்கொண்டு மதியம் வெயிலில் சுற்றுகிறார்கள். திண்ணையில் இரண்டு மணி நேரம் வைத்திருந்த ஆட்கள் அப்படியே கரைந்துபோனார்கள். நீங்களே வேலைக்குப் போகலாமா என்றுதானே கேட்கிறீர்கள்?

அரசு ஒன்றும் செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. உங்கள் மாமியார் போன பிறகு. ரத்தக்கொதிப்பு, சர்க்கரைக்கு மாத்திரை வீட்டுக்கு வருகிறது. படுக்கையில் இருப்பவர்களுக்குப் பிசியோதெரபியும், வலி தணிக்கும் பராமரிப்பும் வீட்டிலேயே கொடுக்கிறார்கள். உங்கள் தெருவில் இப்போது அப்படி யாராவது படுத்திருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பலருக்கு மாத்திரை வருவது மட்டும் தெரிகிறது, மற்றதைக் கேட்டு வாங்குவதில்லை. ஆனால் நர்ஸ் வந்துவிட்டுப் போன பிறகு மீதி நேரமெல்லாம் ஒரே பெண்தான். கேரளத்தில் படுக்கையில் இருப்பவரைப் பார்ப்பவருக்கென்றே ஆஸ்வாசகிரணம் என்று மாதம் 600 ரூபாய் திட்டம் வைத்தார்கள். சின்னத் தொகைதான். ஆனால் பார்க்கிறவர் என்று ஓர் ஆள் இருப்பதை அரசாங்கத் தாளில் எழுதினார்கள். அங்கே பக்கத்து வீட்டுக்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து, முறை போட்டு நோயாளி வீட்டுக்கு அனுப்பும் வழக்கமும் பல ஊர்களில் இருக்கிறது. நம் தெருக்களில் பயிற்சி கொடுக்க ஆயாக்கள் இருக்கிறார்கள். அவர்களையும் அந்த இரண்டு மணி நேரத்தையும் சம்பளம் கொடுத்து வாங்க யாராவது முன்வர வேண்டும். வெற்றிலை பாக்குக்கு இனிமேல் நடக்காது.

கடைசியாக, வேலை. போங்கள்.

சொந்தக்காரர்கள் அசிங்கம் என்பது எதை என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மலம் எடுக்கிற கையை இந்தச் சமூகம் எந்தச் சாதியோடு சேர்த்துப் பார்க்கிறது என்பது ஒளிவுமறைவான விஷயம் இல்லை. காசில்லாமல் நாலு வருஷம் செய்தபோது புண்ணியம் என்றவர்களுக்குக் காசு வந்தால் மட்டும் எப்படி அசிங்கம் ஆகிறது? அவர்களில் யாராவது ஒரு ராத்திரி வந்து புரட்டிப் போட்டார்களா?

ஆனால் ஏஜென்சிக்காரர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டாதீர்கள். முன் அனுபவம் இல்லை, புதுசு என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைப்பார். பக்கவாத நோயாளியை நாலு வருஷம் பார்த்தேன், படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப் போடத் தெரியும், ஆள் உதவி இல்லாமல் ஷீட் மாற்றத் தெரியும் என்று வரிசையாகச் சொல்லுங்கள். 24 மணி நேர வேலை என்றால் ராத்திரி நோயாளியை யார் புரட்டுவது, நீங்கள் எப்போது தூங்குவது என்று முதலிலேயே கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் 12 மணி நேர பகல் ஷிப்டு மட்டும் போதும் என்று நில்லுங்கள். நோயாளியின் எடை என்ன, தூக்க இன்னொரு ஆள் உண்டா என்றும் கேட்க வேண்டும், உங்கள் இடுப்பு ஏற்கெனவே நிறையப் பார்த்துவிட்டது. ஊசி போடச் சொன்னால் அது நர்ஸ் வேலை என்று மறுத்துவிடுங்கள். வீட்டுக்காரர் கொடுக்கிற தொகையில் ஏஜென்சி எவ்வளவு எடுத்துக்கொள்கிறது, வார லீவு உண்டா, சம்பளம் எந்தத் தேதி என்று எழுதி வாங்குங்கள். ஆதாருக்கு ஜெராக்ஸ் போதும், ஒரிஜினலைக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். போக வர ஆகும் செலவையும் சம்பளத்தோடு பேசுங்கள். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் மாறினால் கீழ்ப்பாக்கமும் அண்ணா நகரும் ஒரே லைனில் வந்துவிடும்.